நுரையீரல் மடல் அகற்றம்: துளைவழியா, மார்பைத் திறந்தா?

கேள்வி: 62 வயதான என் தந்தைக்கு வலது நுரையீரலின் மேல் மடலில் 3.5 செ.மீ. அளவில் புற்றுநோய்க் கட்டி, வேறெங்கும் பரவவில்லை. இளமையில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) இயல்பானதில் 68 சதவீதம். துளைவழியாக (சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் செலுத்தி) தொடங்கி, தேவைப்பட்டால் மார்பைத் திறப்போம் என்கிறார் மருத்துவர். முதலிலேயே திறந்துவிடுவது பாதுகாப்பானது இல்லையா? அறுவைக்குப் பின் மார்பில் வைக்கும் வடிகுழாய் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: எந்த வழியில் சென்றாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. மேல் மடலுக்குரிய தமனிக் கிளைகள், சிரை, மூச்சுக்குழாய்க் கிளை ஆகியவற்றைப் பிரித்து, ஸ்டேப்ளரால் மூடித் துண்டித்து, மடலையும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். திறந்த முறையில் விலா எலும்புகளைக் கருவியால் அகட்டும்போது விலாவிடை நரம்பு நசுங்குகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அது முக்கியக் காரணம். 503 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான வயலட் ஆய்வில், துளைவழி சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாவது வாரத்தில் கூடுதல் உடல்திறனுடன் இருந்தார்கள். மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது 2 செ.மீ.க்கு உட்பட்ட, ஓரத்தில் இருக்கும் கட்டிகளுக்கே பொருந்தும்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது பழைய காசநோய். அது ஆறிய இடத்தில் நுரையீரல் மார்புச் சுவருடன் ஒட்டியிருக்கலாம். அதைப் பொறுமையாகப் பிரித்துவிட முடியும். சுண்ணாம்பேறிய கணு தமனிக் கிளையோடு இறுகியிருப்பதுதான் ஆபத்து, ஏனெனில் நுரையீரல் தமனியின் சுவர் மிக மெல்லியது, இழுத்தால் கிழியும். அப்படிப்பட்ட கணுவைக் கண்டதும், இரத்தம் கசிவதற்கு முன்பே நிதானமாக மார்பைத் திறப்பவரே நல்ல அறுவை மருத்துவர். அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். சிடி ஸ்கேனில் அத்தகைய கணு தமனியை ஒட்டித் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் முதலிலேயே திறப்பது நியாயம். இல்லையென்றால் உங்கள் மருத்துவரின் திட்டமே சரி.

மூச்சுத்திறனையும் கணக்கிட வேண்டும். இரு நுரையீரல்களின் 19 கூறுகளில் வலது மேல் மடலுக்கு 3 என்பதால், அறுவைக்குப் பின் எஃப்இவி1 ஏறத்தாழ 57 சதவீதமாக இருக்கும். 60க்குக் கீழே வருவதால் படியேறும் சோதனை போன்ற ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

குழாய் பெரும்பாலும் சில நாட்களில் எடுக்கப்பட்டுவிடும். அதைத் தாமதப்படுத்துவது காற்றுக் கசிவு: இருமும்போது, குழாயின் மறுமுனை இருக்கும் பாட்டில் நீரில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். ஐந்து நாட்களைத் தாண்டினால் நீடித்த கசிவு என்கிறோம். ஒட்டுகளைப் பிரித்த நுரையீரலில் இது சற்று அதிகம் என்றாலும் பெரும்பாலும் தானாகவே அடைபடும், சிலரை ஒருவழி வால்வுடன் வீட்டுக்கும் அனுப்புகிறோம். குமிழி வரும் குழாயை, நடக்க வைப்பதற்காகவோ எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்வதற்காகவோ, கவ்வி போட்டு அடைக்கக் கூடாது. பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். அரிதான, ஆனால் மோசமான சிக்கல், மூச்சுக்குழாய்த் தையல் விட்டுப்போவது. வீடு திரும்பிய பின் காய்ச்சலுடன், நீர்த்த செந்நிறச் சளி திடீரென நிறைய வந்தால், நல்ல நுரையீரலுக்குள் அது வழிந்துவிடாதபடி அவரை அறுவை செய்த வலப்பக்கம் கீழே இருக்குமாறு சாய்த்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.