சீட்டு யார் பிடிப்பா?

வணக்கம். எழுபத்தொரு வயதான என் அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். தம்பி கோயம்புத்தூரில் முதியோருக்கான அபார்ட்மென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். நானோ, என்னோடு சென்னைக்கு வரட்டும் என்கிறேன். ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்காரர்கள் கூட்டாக வாழ்வதால்தான் நூறு வயதைத் தொடுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? அம்மா எதற்கும் பிடிகொடுக்கவில்லை. "நான் வந்துட்டா இங்க சீட்டு யார் பிடிப்பா?" என்கிறார்.
- ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

ஒகினாவாவில் 'மோவாய்' என்று பேர்போன ஒரு கூட்டம் இருக்கிறதே, அதுவும் சீட்டுதான். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போடுவார்கள், முறைவைத்து ஒருவர் எடுப்பார். இப்போது பல இடங்களில் பணம் ஒரு சாக்கு. கூடிச் சாப்பிடுவதும் அரட்டையும்தான் பிரதானம். ஆனால் அவரவர் வீடு அவரவருக்கு.

கலிபோர்னியாவின் அலமேடா வட்டாரத்தில் 1965-ல் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் விவரம் வாங்கி, ஒன்பது வருடம் கவனித்தார்கள். ஆய்வாளர்கள் லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் 1979-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். மனிதத் தொடர்பு மிகக் குறைந்தவர்களிடையே இறப்பு, தொடர்பு நிறைந்தவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கில் எடுத்தவை திருமணம், நண்பர்கள் உறவினர்களோடு போக்குவரத்து, தேவாலயம், சங்கங்கள். அதாவது வீட்டுக்கு வெளியே இருக்கும் உறவுக்கும் மதிப்பெண் உண்டு.

ஆனால் இதையே மருந்தாக நினைத்துவிடக் கூடாது. 2000-ம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்களின் சராசரி ஆயுள், ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-வது இடத்துக்கு இறங்கிவிட்டது. மோவாய் எங்கும் போய்விடவில்லை. 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த தீவு அது. ஹாம்பர்கரும் டின் இறைச்சியும் காரும் அங்கே சீக்கிரமே வந்துவிட்டன. சர்க்கரை நோய்க்கு அரட்டை போதாது.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் யாருமே இல்லாமல் டிவியோடு கிடப்பவர் என்றால் கோயம்புத்தூர் பெரிய வரம். (அந்த விளம்பரங்களில் எல்லாத் தாத்தாவும் ஏன் கேரம் ஆடிக்கொண்டே சிரிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.) உங்கள் அம்மா அப்படி இல்லை. மாதம் பிறந்தால் அவரிடம் பணம் கொடுக்க, கணக்குக் கேட்க, சண்டை போட ஆள் இருக்கிறது. சென்னையில் நீங்கள் எல்லோரும் காலையில் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அவரிடம் யார் சண்டை போடுவார்கள்?

உங்கள் பயம் நியாயமானது. ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் சீட்டுக்கூட்டம் வந்து தூக்காது. அதற்குக் கைப்பிடி மாட்டுங்கள், ராத்திரி துணைக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வையுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.

நடையோ நினைவோ தளர்ந்தால் அப்புறம் கோயம்புத்தூரைப் பேசலாம். அதற்கும் முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். நீங்களும் போய் இரண்டு வேளை அந்தப் பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடுங்கள். மேனேஜரை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் விசாரியுங்கள்.