அப்பாவை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா? அங்கே சுத்தமும் வசதியும் எப்படி இருக்கும்?

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், அப்பா ஊரில் தனியாக இருக்கிறார், உடன்பிறந்தவர்கள் கை விரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். "பெற்றவளை இல்லத்தில் தள்ளிவிட்டு அறிவுரை வேறா" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கவாதம் வந்த என் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டும். மதுரையில், மாடி வாடகை வீட்டில், நான் ஒருத்திதான்.

உச்சிப்புளி பக்கம் ஓர் இல்லம். பெயர் வேண்டாம். வரவேற்பறைத் தரையில் முகம் பார்க்கலாம். பினாயில் வாசனை வாசல் வரை வந்து வரவேற்கும். குறை இருந்தது தண்ணீரில். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாகிவிடும். குளிப்பது, துவைப்பது எல்லாம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில்தான். சோப்பு நுரைக்காமல் உடம்பிலேயே பிசுபிசுத்து நிற்கும். நடமாடுகிறவர்கள் அதைச் சமாளித்துக்கொள்வார்கள்.

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தோல் கன்றிச் சிவந்திருந்தது, ஓரமாக நகக் கீறல்கள். விரிப்பு துவைத்ததுதான், ஆனால் அப்பளம் போல விறைத்து, மடிப்பில் மட்டும் ஈரமாக இருந்தது. உப்பு ஏறிய துணி ஐப்பசி, கார்த்திகையில் லேசில் காயாது. அதற்கடியில் வியர்வை இறங்க வழியில்லாத ரெக்சின் மெத்தை. படுக்கைப் புண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நாங்கள் தினமும் துடைத்துத்தான் விடுகிறோம் அக்கா" என்றார் ஆயா. பொய்யில்லை, துடைத்ததும் அதே தண்ணீரில்தான். அவரைத் திட்டிப் பயனில்லை என்று நிர்வாகியிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். உடம்பு துடைக்க நல்ல தண்ணீர் தனியாக ஒரு வாளி, மெத்தைமேல் கனத்த பருத்தி விரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து நேரத்தை எழுத கட்டில் காலில் ஓர் அட்டை. மூன்றையும் வாங்காமல் எழவில்லை. அம்மாவின் தோல் தேறியது. பக்கத்துக் கட்டில்களிலும் அட்டை தொங்கியது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்றால் ஆமாம், பெருமைதான்.

இன்னொரு வயிற்றெரிச்சல். பிறந்த நாள், கல்யாண நாள் என்று குடும்பத்தோடு வந்து சர்க்கரைப் பொங்கல் பரிமாறுகிறவர்கள். அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். கேமராவைப் பார்த்து அம்மாவைச் சிரிக்கச் சொன்னார் ஒருவர். வாய் ஒரு பக்கம் கோணிய மனுஷியை! அந்தப் பணத்தில் ஒரு லாரி நல்ல தண்ணீர் இறக்கக்கூடாதா? தண்ணீர் லாரியோடு படம் எடுத்தால் எடுபடாதோ என்னவோ.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறைக் கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்திருந்தால் கையோடு வந்துவிடும். இரவில் வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதிகப்படி என்று நினைக்காதீர்கள்; 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டிப் போட்டதால் ஓட முடியாமல் 28 பேர் மாண்ட மாவட்டம் இது. சேர்த்த பிறகு ஏதாவது என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

பார்க்கப் போவதை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய், நேரே பின்பக்கக் கொடியில் காயும் விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் டீ கொடுப்பார்கள், அதைப் பிறகு குடிக்கலாம்.