டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். எல்பி ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அப்படியானால் 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். வேறு வழிகளும் உண்டு, ஆனால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

போன வருடம் பழைய பெல்ட் டிரைவ் பிளேயர் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுற்றும் வகை) ஒன்றை வாங்கினேன். எனக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. பாட்டு கற்ற அக்கா சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பார்த்துவிட்டு, "இது ஐந்து கட்டையும் இல்லை, ஐந்தரையும் இல்லை, நடுவில் நிற்கிறது" என்றாள். கச்சேரியில் பாடகர்கள் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சேர்ப்பது உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று இரவே இணையத்திலிருந்து ஒரு ஸ்ட்ரோப் அட்டையை (சுழல்தட்டில் வைக்கும் கோடு போட்ட வட்ட அட்டை; வேகம் சரியாக இருந்தால், துடிக்கும் விளக்கில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்) அச்சிட்டு, குண்டு பல்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வேகத்தை மாற்றும் எந்தத் திருகைத் திருப்பியும் கோடுகள் நிற்கவே இல்லை. இரண்டு மணி நேரம் வீண். அப்புறம்தான் கோடுகளை எண்ணினேன்: 216. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கானது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். பல்பு விநாடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6000 முறை, மங்கிப் பிரகாசிக்கும். 6000-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 180. நமக்கு வேண்டியது 180 கோடு அட்டை. கோடுகள் சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. விநாடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் பிழை 1 சதவீதம். விளக்கிலும் கவனம் வேண்டும். பழைய சோக் போட்ட டியூப் லைட் நன்றாக வேலை செய்யும். எலெக்ட்ரானிக் சோக்கிலும் பல எல்இடி பல்புகளிலும் இந்தத் துடிப்பே இருக்காது.

சரி, எண்ணும் முறைக்கு வருகிறேன். சுழல்தட்டின் ஓரத்தில் காகிதத்தை ஒட்டி, ஒரு ரெக்கார்டை வைத்து, ஊசியையும் இறக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஊசியின் இழுவை கொஞ்சம் வேகத்தைத் தின்னும். வெறும் தட்டை அளந்து பயனில்லை. ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது "ஒன்று" என்று தொடங்காதீர்கள், "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். இல்லையென்றால் 99 சுற்றை 100 என்று நினைத்து, சரியாக ஓடும் மோட்டாரை 1 சதவீதம் கெடுத்துவிடுவீர்கள். விரல் அரை விநாடி தவறினாலும் பிழை 0.3 சதவீதத்துக்குள்தான்.

எனக்கு 100 சுற்றுக்கு 184.5 விநாடி ஆனது. கிட்டத்தட்ட 2.4 சதவீதம் மெதுவு. சுருதி அரைக் கட்டை இறங்க வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைய வேண்டும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது. அக்கா காதில் பட்டது அதுதான். உடனே திருகைத் தொடாமல், பெல்ட்டையும் மோட்டார் கப்பியையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். 182-க்கு வந்தது. பெல்ட் தளர்ந்திருந்தது, புதியது போட்டதும் 180.9. மிச்சத்துக்குத்தான் திருகு.

போன் ஆப்பையும் பார்த்தேன். போனின் கைரோஸ்கோப் (சுழற்சியை அளக்கும் உணரி) விநாடிக்கு 200 டிகிரி காட்டினால் 33⅓ சரி. ஆனால் ஒரே சுழல்தட்டில் என் போனும் அக்காவின் போனும் வேறு வேறு எண் சொல்லின. போதாததற்கு, போனை வைத்தால் ஊசியை இறக்கவும் முடியாது. அவசரத்துக்குப் பார்க்கலாம், அதை நம்பித் திருகைத் திருப்ப மாட்டேன். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை ரெக்கார்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது. சராசரி வேகத்தோடு, சுருதி ஏறி இறங்கி ஆடுகிறதா என்பதும் அதில் தெரியும்.

உங்களுடையது நேராக மின்சாரத்தில் ஓடும் பழைய சின்க்ரனஸ் மோட்டார் என்றால், ஸ்ட்ரோப் அட்டை உங்களை ஏமாற்றலாம். மோட்டாரும் பல்பும் ஒரே மின்சாரத்தைப் பின்பற்றுவதால், அதிர்வெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கோடுகள் அசையாமல் நிற்கும், பாட்டு மட்டும் மெதுவாகும். 1990-களில் தென்னிந்திய மின் தொகுப்பில் அதிர்வெண் 49-க்கும் கீழே போவது வழக்கமாக இருந்தது. இப்போது 50-ஐ ஒட்டியே நிற்கிறது. மின்வெட்டில் இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் மட்டும் கடிகாரத்தை வைத்து ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ரெக்கார்டுகளுக்குப் பல பிளேயர்களில் தனித் திருகு இருக்கும். 33⅓ சரியானால் அதுவும் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 3 நிமிடத்தில் 135 சுற்று வரவேண்டும். ஸ்ட்ரோப் அட்டையில் 45-க்கு 133 கோடுகள்தான் இருக்கும், சரியான கணக்கு 133⅓. அதனால் வேகம் சரியாக இருக்கும்போது நான்கு விநாடிக்கு ஒரு கோடு பின்னால் நகரும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.