பயண அணியில் யாருக்கு இடம்? – ரக்பி கேள்வி பதில்

மும்பையின் நகரக் கழகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தேர்வுக் குழுவில் இருந்தவன் என்ற முறையில், இங்குள்ள தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்களைத் தருகிறேன்.

கொல்கத்தாவில் நடக்கும் போட்டிக்கு 22 பேரை அழைத்துச் செல்லவே எங்களிடம் பணம் இருக்கிறது. சிறந்த 15 பேரை எழுதிக்கொண்டு, மீதி ஏழு இடங்களைப் பிறகு நிரப்பலாமா? – இளைஞர் அணிப் பயிற்றுநர், தாராவி

வேண்டாம். யார் காயப்பட்டால் ஆட்டமே நின்றுவிடுமோ, அவர்களுக்கான மாற்று ஆட்களை முதலில் எழுதுங்கள். இரு அணியிலிருந்தும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டிப் பந்துக்காகத் தள்ளுவதுதான் ஸ்க்ரம்; அதன் முன்வரிசையில் ஓரங்களில் நிற்கும் இரண்டு ப்ராப்களும் நடுவில் நிற்கும் ஒரு ஹூக்கரும் அப்படிப்பட்டவர்கள். அந்த இடத்தில் பழகாதவனை நிறுத்தினால் அவன் கழுத்துக்கே ஆபத்து என்பதால், பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லாதபோது நடுவர் இரு அணியும் தள்ளாத வெறும் ஸ்க்ரம்மை அறிவித்துவிடுவார்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாட்டு வீரர்களும் சேர்ந்து, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பயணம் செல்லும் லயன்ஸ் அணியின் 2009 தென்னாப்பிரிக்கப் பயணத்தைப் பாருங்கள். டர்பனில் நாட்டு அணியுடன் நடந்த முதல் டெஸ்ட்டில் எதிரணியின் ப்ராப் டெண்டாய் ம்டவரீரா லயன்ஸின் ஸ்க்ரம்மைத் திரும்பத் திரும்பக் குலைத்தார். லயன்ஸ் 26–21 என்று தோற்றது. பிரிட்டோரியாவில் ஆடம் ஜோன்ஸைச் சேர்த்ததும் ஸ்க்ரம் நிலைபெற்றது. இடைவேளையில் லயன்ஸே முன்னிலையில் இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியில் ஜோன்ஸும் மறுபக்கத்து ப்ராப் கெதின் ஜென்கின்ஸும் காயத்தால் அடுத்தடுத்து வெளியேற, ஸ்க்ரம் வெறும் சடங்காகிவிட்டது. கடைசி நொடியில் மோர்னே ஸ்டெய்ன் தன் பாதியிலிருந்தே உதைத்த பெனால்ட்டியால் 28–25 என்று தோற்று, தொடரையும் இழந்தார்கள்.

ஆகவே உங்கள் 22 பேரில் முன்வரிசைக்கு ஐந்து பேர், அவர்களில் இருவர் கட்டாயம் ஹூக்கர்கள், ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் இருவர், கம்பத்தை நோக்கி நம்பி உதைக்கக்கூடியவர் இருவர். பின்வரிசையில் இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்த பையன்களைத் தேடுங்கள்.

இதைச் சொல்லும் உரிமை எனக்குத் தோல்வியால் வந்தது. ஒருமுறை ஒரே ஹூக்கருடன் கொல்கத்தா போனோம். முதல் ஆட்டத்திலேயே அவர் விரல் மூட்டு நழுவியது. கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறிய, இரு அணியினரும் துள்ளிப் பிடிப்பதுதான் லைன்-அவுட்; அதில் பந்தை எறிய, ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கர் ஒருவரை நிறுத்தினோம். அவர் எறிந்தவற்றில் பாதிக்கு மேல் எதிரணியின் கைக்கே போயின. அதோடு, முப்பது மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணத்தில் எங்கள் அணியிலேயே உயரமானவருக்கு ஓரத்துப் படுக்கையைக் கொடுத்திருந்தோம். முழங்காலை மடக்கியே படுத்துவந்த அவர், அந்த ஆட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டதால் துள்ளி எழ முடியாமல் நின்றார். படுக்கை எண்களைப் பிரித்துக் கொடுப்பதையும் அணித் தேர்வின் பகுதியாகவே நினைக்கிறேன்.

பணம் இருந்தால் நிறையப் பேரை அழைத்துப் போவதுதானே பாதுகாப்பு? – வாசகர், செம்பூர்

2005இல் நியூசிலாந்துக்குப் போன லயன்ஸ் அதைத்தான் நம்பியது. 2003இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று தந்த கிளைவ் உட்வர்ட் 40க்கும் மேற்பட்டவர்களை அழைத்துச் சென்று, டெஸ்ட் அணி வேறு, வார நடுவில் ஆடும் அணி வேறு என்று பிரித்து வைத்தார். அந்த ஆண்டு ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் வென்றிருந்தது வேல்ஸ். ஆனாலும் முதல் டெஸ்ட்டில் உட்வர்ட் பழைய உலகக் கோப்பை வீரர்களையே பெரிதும் நம்பினார். தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்கால் முதல் டெஸ்ட்டின் தொடக்க நிமிடங்களிலேயே தோள் விலகி வெளியேறியது பெரும் இழப்புதான்; என்றாலும் 21–3, 48–18, 38–19 என்ற மூன்று தோல்விகளுக்கும் அது மட்டுமே காரணம் என்று நான் ஏற்க மாட்டேன். இயன் மெக்கீகன் கவனித்த வார நடு அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே முகாமில் இரண்டு அணிகள் வளர்ந்தால், நன்றாக ஆடுகிறவன் டெஸ்ட் அணிக்குள் வரும் வழி அடைபட்டுவிடும். போன ஆண்டில் ஆடிய ஆட்டத்துக்கு இந்த ஆண்டு இடம் கொடுக்கக் கூடாது.

என் மகனுக்குத் தலையில் அடிபட்டால், மாற்று ஆள் இல்லையென்று மீண்டும் இறக்கிவிடுவார்களா? – ஒரு தாய், சயான்

இறக்கக் கூடாது அம்மா. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். இதில் விலகும் பயிற்றுநரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

தோற்ற அன்று இரவே ஆட்டத்தை அலசுவது சரியா? – கழக ஆட்டக்காரர், முலுண்ட்

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உறங்கட்டும். மறுநாள் பேசும்போது தேர்வாளர்களின் தவறு முதலில் வரட்டும், ஆட்டக்காரர்களின் தவறு அதற்குப் பிறகு வரட்டும். முன்னதைச் சொல்லாமல் பின்னதைச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நியூசிலாந்து 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸிடம் 20–18 என்று தோற்றது. கடைசி நிமிடங்களில் பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி பெறும் டிராப்-கோல் ஒன்று போதும் என்ற நிலையில், முட்டி மோதிக் கோடு கடக்கவே முயன்றுகொண்டிருந்தார்கள். தோற்ற பயிற்றுநர் போய்விடுவதே அங்கு வழக்கம். இருந்தும் கிரகாம் ஹென்றியை வைத்துக்கொண்டார்கள். பதறாமல் முடிவெடுப்பதையும் பயிற்சியாக்கினார்கள். 2011 உலகக் கோப்பையில் டான் கார்ட்டர், காலின் ஸ்லேட் என்று, ஆட்டத்தை நடத்தி உதைக்கும் ஃப்ளை-ஹாஃப்கள் வரிசையாகக் காயப்பட, முதலில் அணியிலேயே இடம்பெறாத ஸ்டீபன் டொனால்டை மீன்பிடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஆரன் க்ரூடனும் முழங்கால் காயத்தால் விழவே, டொனால்டு இறங்கி உதைத்த பெனால்ட்டிதான் 8–7 என்ற வெற்றியைத் தந்தது.

பட்டியலில் இல்லாத பையனிடம் எப்படிச் சொல்வது? – இளைஞர் அணிப் பயிற்றுநர், மாட்டுங்கா

நேரில் சொல்லுங்கள், அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே. நான் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போகாத இரண்டாவது ஹூக்கர், தன் பெயர் இல்லை என்பதை அறிவிப்புப் பலகையில்தான் பார்த்தார். தோளில் பையுடன் இரண்டு முறை பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார். அதன் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த லைன்-அவுட்கள் எங்களுடையவை. திரும்பி வந்ததும் தாராவியில் அவர் வீட்டுக்குப் போய், பட்டியலில் நான் செய்த தவறு இன்னதென்று அவர் அப்பாவின் முன்னால் சொன்னேன். அந்த ஹூக்கர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் மைதானத்துக்கு வந்து, லைன்-அவுட் எறிய ஒரு பந்து கேட்டார்.