தராசை விட்டுட்டு இஞ்சு டேப்பை எடுங்க: கொழுப்பு, சுகர், வயசு பற்றிய கேள்வி பதில்

நான் கொழும்பில சாப்பாட்டு ஆலோசனை குடுக்கிற ஆள். வந்த கேள்வியள் கனக்க, ஒரே மாதிரி இருந்ததுகளை ஒண்டாக்கிட்டன்.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அண்ணா: வயசு 44, உயரம் 5 அடி 7, நிறை 64 கிலோ. மெலிவுதான், வயிறு மட்டும் தள்ளுது. மூண்டு மாச சுகர் டெஸ்ட் (HbA1c) 6.1 வீதம் எண்டு வந்திருக்கு. மெலிஞ்ச எனக்கு எப்பிடி?

அண்ணா, எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. 2004இல யாஜ்னிக், யுட்கின் எண்டு ரெண்டு டொக்டர்மார் தங்கட உடம்பையே காட்டினவை, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேத்த நிறைக் கணக்கு, 22.3தான், ஆனா இந்தியரான யாஜ்னிக்குக்கு உடம்புக் கொழுப்பு 21.2 வீதம், வெள்ளைக்காரரான யுட்கினுக்கு 9.1 வீதம். கொழுப்பு ஈரலுக்குள்ளயும் குடலைச் சுத்தியும் சேர்ந்தா, ரத்தத்துச் சீனியை இறக்கிற இன்சுலின் சரியா வேலை செய்யாது, வெளியில மெலிவாத்தான் தெரியும். கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில, மூச்சை விட்டிட்டு, வயித்தைச் சுத்தி டேப் வெச்சு அளந்து பாருங்க. ஆம்பிளையளுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பிளையளுக்கு 80, அதுக்கு மேல எண்டா கவனம். அந்த மூண்டு மாச டெஸ்டில 5.7 தொடக்கம் 6.4 வரை சுகருக்கு முந்தின கட்டம், இப்ப திருப்ப ஏலும், தயவுசெய்து தள்ளிப் போடாதேங்க.

பம்பலப்பிட்டி அக்கா: நாப்பதுக்குப் பிறகு மெட்டபொலிசம் படுத்துடும் எண்டுறாங்களே?

இல்ல அக்கா. 2021இல வந்த பெரிய ஆய்வில, உடம்பின்ர அளவைக் கணக்கில எடுத்துப் பாத்தா 20 வயசில இருந்து 60 வரை மெட்டபொலிசம், அதாவது உடம்பு சக்தியை எரிக்கிற வேகம், பெருசா மாறேல்ல, 60க்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் குறையுது. குறையிறது எங்கட நடமாட்டமும் தசையும். பீரியட் நிண்டாப் பிறகு கொழுப்பு தொடையை விட்டு வயித்துக்கு வாறதும் உண்மை.

வெள்ளவத்தை தம்பி: மரைன் டிரைவில தினம் ஒரு மணித்தியாலம் நடக்கிறன், நிறை இறங்குதே இல்ல, விட்டிடவா?

விடாதேங்க தம்பி! நாங்க சாப்பிடுற மாச்சத்து சீனியாகிப் போய்ச் சேருற பெரிய களஞ்சியம் தசைதான், அது வேலை செய்யேக்க இன்சுலின் இல்லாமலும் ரத்தத்துச் சீனியை இழுக்கும், அதுக்குப் பிறகும் ஒரு நாள் ரெண்டு நாள் வரைக்கும் இன்சுலின் நல்லா வேலை செய்யும். தராசு அசையாட்டியும் உள்ள நல்லது நடக்குது. ஆனா நடை மட்டும் போதாது. கிழமைக்கு ரெண்டு நாள் எண்டாலும் தசைக்குப் பாரம் குடுங்க, ஸ்குவாட், சுவரில கைவெச்சு புஷ்அப், தண்ணி போத்தல் தூக்கினாலும் சரி. ஒரு மணித்தியாலத்தில பத்து நிமிசத்தை ராச்சாப்பாட்டுக்குப் பிறகுக்கு மாத்துங்க, சீனி ஏறுறது குறையும். இன்னொண்டு, நடந்திட்டு வந்து குடிக்கிற பால் தேத்தண்ணியில எத்தின கரண்டி சீனி? நாளைக்கு அஞ்சு கப், கப்புக்கு ரெண்டு கரண்டி எண்டா 40 கிராமுக்கு மேல போகுது. நான் பாத்த ஆக்களில பாதிப் பேருக்கு முதல்ல மாத்த வேண்டியது சோறு இல்ல, இந்தத் தேத்தண்ணிதான்.

தெஹிவளை அண்ணா: காலைச் சாப்பாட்டை விட்டா கொழுப்புக் கரையுமா? சுகருக்குக் கிளிக்ளசைட் குளிசை போடுறன்.

டொக்டரைக் கேக்காம பட்டினி கிடக்காதேங்க, இந்தக் குளிசை போட்டுட்டுச் சாப்பிடாட்டி சீனி திடீரெண்டு இறங்கி மயங்கி விழலாம். மத்தவைக்குக்கூட காலையை விட்டுட்டு ராவில பத்து மணிக்குக் கொத்து சாப்பிட்டா ஒரு பிரயோசனமும் இல்ல.

வெள்ளவத்தை தங்கச்சி: அம்மாவுக்கு 71, பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான், ஆறு கிலோ குறைஞ்சிட்டா. சொந்தக்காரர் நல்லம் எண்டுறினம்.

நல்லமில்லம்மா. முயற்சி செய்யாமக் குறைஞ்சா முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்க. இந்த வயசில போறது கொழுப்பு மட்டுமில்ல, தசையும்தான், அது போனா சுகரும் கூடும், விழவும் பயம். கிட்னிப் பிரச்சினை இல்லாட்டி ஒரு கிலோ நிறைக்கு ஒரு கிராமுக்குக் குறையாம புரதம் வேணும், அதால ஒவ்வொரு நேரமும் முட்டையோ மீனோ கடலையோ பருப்போ இருக்கட்டும். கதிரையில இருந்து கை ஊண்டாம எழும்பச் சொல்லிப் பாருங்க, பக்கத்தில நீங்க நில்லுங்க. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் ஏலுமெண்டா அடுத்த கிழமை ஏழு.