எல்லாம் அடங்கிய பேக்கேஜ் எடுக்கலாமா? (கடிதம்)

அன்புள்ள சார்,

நான், கணவர், 6 வயது மகன், 70 வயதைத் தாண்டிய மாமியார், நாலு பேரும் ஒரு வாரம் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகிறோம். அறை, சாப்பாடு, குடிபானம், விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்குகிற ஆல்-இன்க்ளூசிவ் பேக்கேஜ் எடுக்கலாம் என்கிறார் கணவர். எனக்கோ ஊருக்குள் நடக்க வேண்டும், கண்ணில் பட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கணக்குப் போட்டால் பேக்கேஜ்தான் லாபம் போலத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம.,

கணக்கை அப்புறம் பார்க்கலாம். போன தடவை வெளியூர் போனபோது மத்தியானச் சாப்பாட்டை எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு நாளாக யோசித்துப் பாருங்கள். ஹோட்டலுக்கே திரும்பி வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டிருந்தால் பேக்கேஜ் உங்களுக்கு ஒத்துவரும். போன இடத்திலேயே சாப்பிட்டு, இருட்டிய பிறகுதான் அறைக்கு வந்தீர்கள் என்றால் வேண்டாம்.

காலையில் எப்படியும் ஹோட்டலில்தான் இருப்போம், ராத்திரி களைத்துத் திரும்பிவிடுவோம், நடுப்பகல்தான் நம் கையில் இருக்கிற நேரம், அந்த நேரத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் கால் தானாகத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுகிறது. நான் ஒருமுறை ஐந்து நாள் பேக்கேஜில் போய், பழைய கோட்டை ஒன்றைப் பாதி பார்த்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுமே என்று மனைவியை அவசரப்படுத்திக் கூட்டிவந்தேன். மீதிக் கோட்டையை இன்றுவரை பார்க்கவில்லை. இன்னொரு முறை, மூட்டு அறுவை சிகிச்சை முடிந்திருந்த அம்மாவோடு அதே மாதிரி பேக்கேஜில் போனோம். அம்மா நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதற்கும் யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிம்மதியான பயணம் எங்களுக்கு வேறு அமையவில்லை.

'எல்லாம்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு ஹோட்டலும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறது. இந்த முறையைப் பிரபலமாக்கிய கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனம் 1950-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்கள் போட்டுத்தான் தொடங்கியது. அவர்களுடைய விடுதிகளிலேயே ரொம்ப காலம் மது கட்டணத்துக்குள் வரவில்லை, விருந்தினர்கள் மணிகளை வாங்கிக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்த மணிகளைக் கொடுத்து வாங்கினார்கள். அதே மயோர்காவில் சில பகுதிகளுக்கு 2020-ல் ஒரு சட்டம் வந்தது: பேக்கேஜில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 மதுபானம்தான், மத்தியானம் 3, இரவு 3. பொதுவாக எந்த ஊரிலும் பேக்கேஜுக்கு வெளியே நிற்பவை ஸ்பா, விலை கூடிய மது, மோட்டார் வைத்த நீர் விளையாட்டுகள், சில சமயம் பஃபே இல்லாத தனி உணவகங்கள். இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மகனுக்கு எந்த வயதுக் கட்டணம் போடுகிறார்கள், கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு சாப்பிட விடுவார்களா என்பதையும் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாரும் மது குடிப்பதில்லை என்றால் அந்த லாபக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தக் கட்டணத்தில் குடிப்பவர்களுக்கான செலவும் சேர்ந்தே இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஹாஃப் போர்டு என்று ஒன்று இருக்கிறது, காலையும் இரவும் மட்டும் ஹோட்டலில் சாப்பாடு. உங்கள் நாலு பேருக்கும் அதையே சொல்வேன். மத்தியான நேரம் உங்கள் கையில் இருக்கும், மாமியாருக்கு முடியாத நாளில் யாராவது கூட இருந்து அவருக்கு மட்டும் அங்கேயே பணம் கொடுத்துச் சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை ஒரு நாள் மத்தியானத்துக்கு மாற்றித் தருகிற ஹோட்டல்களும் உண்டு, பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.