சர்க்கரை இருக்கிறது, மாலை போட்டு வெறுங்காலில் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். 9 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வருகிற கார்த்திகை 1ஆம் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறேன், இது 7ஆவது வருடம். 41 நாளும் செருப்பு போட மாட்டேன். போன வருடம் விரதம் முடிந்தபோது வலது உள்ளங்காலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆற 2 மாதம் ஆனது, ஆனால் வலி இல்லை. இப்போது நடந்தால் மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறது. இன்னொரு விஷயம். நாம் செருப்பு போடாத இந்த நாட்களில், அவரவர் வீட்டில் இருக்கும் செருப்பு, ஷூவைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் குழுவில் 34 பேரும் பேசியிருக்கிறோம். ஒருவர் போட்ட செருப்பை இன்னொருவர் போட்டால் நோய் ஒட்டும் என்கிறாள் என் மனைவி. நான் வெறுங்காலில் நடக்கலாமா? பழைய செருப்பைக் கொடுக்கலாமா?
பெயர் வேண்டாம், தாராவி, மும்பை.

பதில்: 'வலி இல்லை' என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும்தான் பகீர் என்றது. 9 வருடச் சர்க்கரை, 2 மாதம் ஆறாத புண், அது வலிக்கவும் இல்லை என்றால், பாதத்து நரம்புகள் மரத்துக்கொண்டு வருகின்றன என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மெத்தைமேல் நடப்பதுபோல் இருப்பதும் அதே அறிகுறிதான். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை வீட்டு வாசலைத் தாண்டி வெறுங்காலோடு போகாதீர்கள். பட்டறைக்குள்ளும் வேண்டாம். உணர்ச்சி குறைந்திருப்பது உறுதியானால் இந்த வருடத்துக்கு மட்டுமல்ல, இனி எந்த வருடத்துக்கும் இதுதான் என் பதில்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. பஜனை, குளியல், இருமுடி, மலையேற்றம் எல்லாம் இருக்கட்டும். செருப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நல்ல காலில் முள் குத்தினால் நாம் யோசிப்பதற்கு முன்பே கால் தானாக மேலே வந்துவிடும். புண் வந்தால் நொண்டி நடப்போம். அந்த நொண்டலில்தான் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. மரத்துப்போன கால் நொண்டாது. முழு பாரத்தையும் புண்மேலேயே வைத்து நாள் முழுக்க நடக்கும். சர்க்கரை காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் குறுக்கிவிடும் என்பதால் புண் ஆறவும் தாமதமாகும்.

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய வேலை பெருமளவு நம் வேலூரில்தான் நடந்தது. டாக்டர் பால் பிராண்டு 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் நோயாளிகளை அருகிலிருந்து கவனித்தார். உணர்ச்சி இல்லாத கையாலும் காலாலும் சூட்டையும் கூர்மையையும் தொட்டு, தெரியாமல் காயப்பட்டு, அந்தக் காயத்தின் மேலேயே திரும்பத் திரும்ப அழுத்தித்தான் விரல்கள் போகின்றன என்று கண்டார். அப்புறம் வேலூரிலும் பக்கத்தில் இருக்கும் கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் (சுருக்கமாக எம்.சி.ஆர்., நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர்) வைத்த மெத்தென்ற செருப்பைச் செய்து கொடுத்தார்கள். காலில் புண் வருவது குறைந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

இன்று ராத்திரியே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவானது, கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். உங்கள் மனைவி ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனிகளைப் பூப்போல, 1 அல்லது 2 விநாடி மட்டும் தொடட்டும். ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக 6 இடம். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 2 இடத்தில் தெரியாமல் போனாலே காயத்திலிருந்து காலைக் காக்கும் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 6 இடமும் சரியாகத் தெரிந்தால்கூட டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் போன வருடம் உங்களுக்குப் புண் வந்திருக்கிறது. ஒருமுறை புண் வந்த கால் மறுபடி புண்ணாக வாய்ப்பு அதிகம்.

உங்கள் தொழிலிலேயே இருக்கும் ஒருவரைச் சொல்கிறேன். இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். சர்க்கரை இருக்கிறது என்றதால் காலையும் பார்த்தேன். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் லேசாக வெளுத்து ஊறியிருந்தது. சிலாம்பு என்று நினைத்து இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வந்தது தையல் மெஷின் ஊசியின் உடைந்த முனை, என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். நான் இழுக்கும்போதும் அவர் மகளுக்கு வரன் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எத்தனை நாளாக உள்ளே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் பட்டறைத் தரையிலும் ஊசி முனையும் ரிவிட்டும் கிடக்குமே, அதனால்தான் உள்ளேயும் செருப்பு வேண்டும் என்கிறேன்.

குருசாமியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த குருசாமி ஒருவர், சர்க்கரை உள்ள சாமிகளிடம் 'பூஜையிலும் சந்நிதானத்திலும் வெறுங்கால் போதும், தெருவுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்' என்று அவரே சொல்லிவிடுகிறார். தோல் வேண்டாம் என்று நினைத்தால் ரப்பரிலேயே பின்வார் வைத்த செருப்பு கிடைக்கிறது. குர்லாவில் ரயில் ஏறினால் ரயில் கழிப்பறைக்கும் அதே செருப்புதான். பம்பையிலிருந்து ஏறும்போது நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தில் என்ன செய்வது என்பதை உங்கள் காலைப் பார்த்த டாக்டரும் குருசாமியும் சொல்லட்டும். வழியில் மருத்துவ உதவி மையங்கள் இருக்கின்றன, ஒரு கீறல் என்றாலும் நின்று காட்டுங்கள். மலை இறங்கி வந்ததும் கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை விடுவது நம் வழக்கம். நீங்கள் செய்ய வேண்டாம். மரத்த கால் வெந்துபோனாலும் தெரியாது. தினமும் ராத்திரி உள்ளங்காலை மொபைலில் படம் எடுத்துப் பாருங்கள், குனிந்து பார்ப்பதைவிடச் சுலபம். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். சிவப்பு, வீக்கம், நாற்றம், கறுப்பு எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். விரதத்தில் ஒரு வேளை சாப்பாடு என்றால் மாத்திரை அளவை முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தானாகச் செருப்பைக் கழற்றும் நாளில், போட வழியில்லாதவரை நினைத்திருக்கிறீர்கள். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நன்றாகச் செய்ய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. சேற்றுப்புண் பூஞ்சை ஷூவுக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். சேற்றுப்புண்ணோ நகத்தில் பூஞ்சையோ புண்ணோ உள்ளவர் போட்டதைக் கொடுக்கவே கூடாது. மற்றதை ஷூவானால் உள்அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, வாயைத் திறந்துவைத்து 3, 4 நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். புது உள்அட்டை வெட்டிப் போடுவது உங்கள் குழுவுக்குக் கைவந்த வேலைதானே. பிரிந்த தையலைத் தைத்து, தேய்ந்த அடியை மாற்றிக் கொடுங்கள். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் போடுபவரின் காலையும் அது அந்தப் பக்கமே சாய்க்கும். பழைய விளையாட்டு ஷூக்களைப் பிரித்து, அந்த அடியில் செருப்பு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கிரீன்சோல் என்ற நிறுவனம் உங்கள் மும்பையிலேயே தொடங்கியதுதான். இரண்டு மெஷினும் பசையும் இருந்தால் உங்களாலும் முடியும்.

என் பெரிய கவலை அளவைப் பற்றித்தான். சின்னதாக இருக்கும் ஷூ கடிக்கும், பெரிதாக இருந்தால் உரசும். இரண்டும் கொப்புளம், கொப்புளம் உடைந்தால் புண், அதில் தெருத் தண்ணீர் பட்டால் சீழ். மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டி 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால் நல்லதாகத் தெரிவதை எடுப்பார்களே தவிர, காலுக்குப் பொருந்துவதை எடுக்க மாட்டார்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெறும் காகிதமும் பென்சிலும் கொண்டுபோங்கள். சாயங்காலம் ஏன் என்றால், நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் பாதுகாப்பு. எழுந்து நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு அளவு எடுங்கள். பிறகு இருப்பதில் பொருந்துவதைத் தேடுங்கள். இல்லாத அளவுக்கு 34 பேரும் காசு போட்டுப் புதிது வாங்கலாம்.

யாருக்கு என்பதையும் யோசியுங்கள். உங்கள் தாராவியின் 13 காம்பவுண்டில் குப்பை பிரிப்பவர்களுக்குக் கண்ணாடியும் ஊசியும்தான் எதிரி. அவர்களுக்கு மூடிய, கனத்த அடி உள்ள ஷூ வேண்டும். நாக்காவில், அதாவது தெருமுனையில், கூலி வேலைக்குக் காத்து நிற்பவர்களுக்கும் அப்படியே. மழைக்காலத்துக்குத் துணி ஷூ உதவாது, ஊறிக் காயாமல் சேற்றுப்புண்தான் வரும். பிளாஸ்டிக், ரப்பர்தான் நல்லது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரம் எலிக்காய்ச்சலில் எப்படித் தவித்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூடிய ஷூ கட்டாயம் இல்லை. மணிப்பால் மருத்துவக் கல்லூரி எலும்பு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களைப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், காலணி போடுபவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். அதிலும் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். சுத்தமான தரையில் ஒரு பிள்ளை வெறுங்காலில் ஓடுவதில் தப்பே இல்லை. தப்பு தரையில் இருக்கிறது. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும், விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, நுரையீரல், தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வெளிறிப்போய், படிப்பில் தூங்கி வழியும் பல பிள்ளைகளின் ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்குப் பின்வார் வைத்த சாண்டல் கொடுங்கள். கொடுக்கும்போதே பால்வாடியில் குடற்புழு மாத்திரை போட்டார்களா என்றும் கேளுங்கள். 1 முதல் 19 வயது வரை இலவசம், பிப்ரவரி 10 அதற்கான நாள். பிள்ளையின் கால் வருடத்துக்கு ஒரு சைஸாவது வளர்ந்துவிடும், ஆகவே அடுத்த மாலைக்கும் இதே தெருவுக்கு வர வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் டாம்ஸ் என்ற நிறுவனம் 2006இல் தொடங்கி, ஒரு ஜோடி விற்றால் ஒரு ஜோடி தானம் என்று கொடுத்துவந்தது. வெறுங்கால் நாள் என்றும் ஒன்றை நடத்தினார்கள். எல் சால்வடார் கிராமங்களில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் அந்த ஷூவை ஆசையாகப் போட்டார்கள், ஆனால் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு செருப்பு இருந்தது. எனவே காகிதத்தில் பாதத்தை வரையும்போதே, இப்போது என்ன போடுகிறீர்கள் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் பட்டியலில் முதலில் வரட்டும்.

வாங்குபவரிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். இருந்தால் பழைய ஷூ கொடுக்கக் கூடாது. முன்பு போட்டவரின் கால் அழுத்தி அழுத்தி உள்ளே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், மரத்த காலுக்கு அது ஆபத்து. அவரை உங்களோடேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

நீங்களும் ஐப்பசி முடிவதற்குள் போய்விட வேண்டும். சயான் மாநகராட்சி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். வெளிநோயாளிப் பிரிவில் போன வருடத்துப் புண்ணைப் பற்றிச் சொல்லி, பாதத்தில் உணர்ச்சியும் நாடியும் பார்க்கச் சொல்லுங்கள். 3 மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் கேளுங்கள். தனுர்வாத ஊசி போட்டு 10 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். போகும்போது, இப்போது தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போய் அதைக் கழற்றிக் காட்டுங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் பாதத்தில் எங்கே பாரம் விழுகிறது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.